பெள்ளி என்றால் பள்ளி அல்ல

போன வாரம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஓர் இளைஞர் புதிதாகக் குடிவந்தார். விருதுநகர் பக்கத்துக்காரர், மென்பொருள் வேலை. குடிதண்ணீர் கேன் யார் போடுவார்கள் என்று வாட்ச்மேன் யாதகிரியிடம் அவர் கேட்க வேண்டியிருந்தது. கைப்பேசியை வாயருகே கொண்டுபோய்த் தமிழில் கேட்டார். அதற்குள்ளிருந்து ஒரு பெண்குரல், வானொலிச் செய்தி வாசிப்பதுபோல, அதைச் சுத்தமான தெலுங்கில் எடுத்துச் சொன்னது. யாதகிரி இளைஞரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கைப்பேசிக்கு ஒரு கும்பிடு போட்டு, "சரே மேடம், இப்புடே பம்பிஸ்தா மேடம்" என்றார். சரி மேடம், இப்போதே அனுப்புகிறேன்.

வீட்டுக்கு வந்து சுமதியிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டே, "அன்னிக்கு உங்ககிட்டயும் அப்படியொரு போன் இருந்திருந்தா நான் தப்பிச்சிருப்பேனுங்க" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. எனக்குத் தெலுங்கு தெரிந்திருந்தால் எங்களுக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. எல்லாருக்கும் ஜாதகம் பொருந்திக் கல்யாணம் நடக்கும். எனக்கு இரண்டு கேஸ் சிலிண்டரால் நடந்தது. அவசரப்படாதீர்கள், சொல்கிறேன்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து வேலைக்காக நான் ஹைதராபாத்துக்குக் கிளம்பியபோது வீட்டில் எல்லாரும் என்னை வெளிநாட்டுக்கு அனுப்புவதுபோலத்தான் அனுப்பினார்கள். அம்மா பருப்புப் பொடி, நாரத்தங்காய் ஊறுகாய், ஒரு தலைகாணி உறை நிறைய வடகம் எல்லாம் கட்டிக்கொடுத்தார். அந்த ஊரில் உப்பு கிடைக்குமா என்று ஒரு சித்தி கவலைப்பட்டார். என்கூடப் படித்தவர்கள் அமெரிக்காவுக்குப் போயிருந்தார்கள். அவர்களுக்காவது ஓர் இங்கிலீஷோடு போயிற்று. எனக்கு ஒரே ஊரில் இரண்டு அயல்மொழிகள். வீட்டுக்காரர்கள் தெலுங்கில் பேசினார்கள், ஆட்டோக்காரர்கள் தக்காணி உருதுவில் பேசினார்கள். இரண்டுக்கும் நான் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தேன். தலையை எல்லாத் திசையிலும் ஆட்டுவேன்.

கத்தரிக்காய் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். பஸ்ஸில், டீக்கடையில், ஆபீஸில் எங்கே போனாலும் "பைகன்", "பைகன்" என்றார்கள். பைகன் என்றால் கத்தரிக்காய் என்று பள்ளியில் படித்த அரைகுறை இந்தியில் எனக்குத் தெரியும். ஒருவன் பஸ்ஸைத் தவறவிட்டால் பைகன். கிரிக்கெட்டில் அவுட் ஆனால் பைகன். இந்த ஊர்க்காரர்களுக்குக் காய்கறிகள்மேல் என்ன பக்தி என்று நான் வியந்தபோது, ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரன் பாஸ்கர்தான் தெளிய வைத்தான். "டேய், நம்மாளுங்க எரிச்சல்ல வெங்காயம்பாங்கள்ல? அதுதான்டா இது."

பாஸ்கர் இதே ஊரின் லாலாகுடாவில் பிறந்து வளர்ந்த தமிழன். அவன் அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். அவன் பேசும் தமிழில் ஆமாமுக்கு ஹவ், வேண்டாமுக்கு நக்கோ, ஏன் என்பதற்குக் கைக்கு எல்லாம் கடுகு கறிவேப்பிலை மாதிரி விழுந்துகிடக்கும். காலக்கணக்கும் அவனுக்குத் தனி. "பர்ஸோ இங்க ஒரு ஏரி இருந்துச்சுடா" என்பான். பர்ஸோ என்றால் முந்தாநாள். விசாரித்துப் பார்த்தால் அவன் அப்பா டவுசர் போட்டிருந்த காலமாக இருக்கும்.

அவன்தான் என்னை ஏ.எஸ்.ராவ் நகரில் வீடு தேடச் சொன்னான். பெரிய எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த பேட்டை அது. இன்ஜினியர்கள் குடும்பம், நல்ல காய்கறிக் கடைகள், நேரத்துக்கு பஸ். எல்லாம் சரி, ஆனால் தனியாளுக்கு எவரும் வீடு தரவில்லை. கேட்டைத் திறக்கும் முன்பே மூடினார்கள். கடைசியில் ஒரு வேப்பமரத்து வீட்டுக்கு வந்து நின்றேன். வாசலில் ஊறுகாய்க்கு மிளகாய் வறுத்த நெடி தூக்கியது. இன்றைக்கும் அந்த நெடி வந்தால் நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வேன். தும்மிக்கொண்டேதான் அந்த வீட்டுக்காரம்மாவை முதலில் பார்த்தேன்.

அவர் பெயர் வரலட்சுமி. நாங்கள் வரலட்சுமி காரு என்போம். காரு என்றால் அங்கே நம்முடைய 'ங்க' மாதிரி. குள்ளமான உருவம், கோயில் மணி போன்ற தொண்டை. அவருடைய கணவர் அந்தத் தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சுத்துறையை முழுக்க மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுச் செய்தித்தாளுக்குப் பின்னால் வாழ்ந்தார்.

"மீரு அரவவாள்ளா?" என்று ஆரம்பித்தார் அம்மா. தமிழர்களை அவர்கள் அரவம் என்பார்கள். நம் மொழியில் அதற்குப் பாம்பு என்றும் சத்தம் என்றும் பொருள். இரண்டில் எதுவாக இருந்தாலும் வீடு கிடைத்தால் போதும் என்று தலையாட்டினேன்.

அடுத்த கேள்வி: "பெள்ளி அயிந்தா?"

அயிந்தா என்றால் ஆயிற்றா என்று அதற்குள் தெரிந்துவைத்திருந்தேன். பெள்ளி? பள்ளிதான், வேறென்ன. வீடு கேட்டு வந்தவனிடம் படிப்பை விசாரிக்கிறார்களே, எவ்வளவு உயர்ந்த மனிதர்கள்! நெஞ்சை நிமிர்த்தி, "அவுனு அம்மா, காலேஜ் கூடா" என்றேன். ஆமாம் அம்மா, காலேஜும்.

அவர் கண் விரிந்தது. உடனே சாவியைக் கொடுத்தார்.

மாடியில் இரண்டு அறை, வேப்பமரக் காற்று. படிப்புக்கு இவ்வளவு மரியாதை உள்ள ஊரா என்று கோபிக்குப் போன் போட்டு அப்பாவிடம் பெருமையடித்தேன். பெள்ளி என்றால் கல்யாணம் என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, மனைவி காலேஜில் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று அந்த அம்மா முடிவு கட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு நான் ஆபீஸ் கிளம்பும்போதெல்லாம் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "எப்புடு ஒஸ்துந்தி?" என்று கேட்பார். எப்போது வரும்? தெலுங்கில் அவள் வந்தாலும் அது வந்தாலும் ஒரே சொல்தான். நான் அப்போது கேஸ் இணைப்புக்கு எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். மண்ணெண்ணெய் அடுப்பில் நான் படும் பாட்டைப் பார்த்து இரக்கப்பட்டுக் கேட்கிறார் என்று நினைத்து, "ஒச்சே நெல அம்மா" என்பேன். அடுத்த மாசம். அடுத்த மாசம் வந்தது, சிலிண்டர் வரவில்லை. அம்மாவின் முகம் வாடியது. என் கேஸுக்காக இப்படி வருந்தும் ஓர் உயிர் இந்த ஊரில் இருக்கிறதே என்று நெகிழ்ந்துபோனேன்.

ஒருநாள் கேஸ் ஏஜென்ஸியில் நல்ல சேதி சொன்னார்கள். துள்ளிக்கொண்டு வந்தேன். வழக்கம்போல அம்மா கேட்டார். நான் இரண்டு விரலை நீட்டி, "ஒகட்டி காது அம்மா, ரெண்டு! ரெண்டு ஒஸ்தாயி!" என்றேன். ஒன்று அல்ல, இரண்டு வருகின்றன.

வரலட்சுமி காரு முதல்முறையாகப் பேச்சிழந்தார். உள்ளே போனார். சற்று நேரத்தில், அதுவரை நான் குரலே கேட்டிராத அவருடைய கணவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வெளியே வந்தார். இங்கிலீஷில், மிகவும் தயங்கி, "தம்பி, உங்கள் பக்கத்தில் இது வழக்கம்தானா?" என்று கேட்டார்.

"ஆமாம் சார். இப்போது எங்கள் ஊரில் முக்கால்வாசி வீட்டில் ரெண்டுதான்" என்றேன் நான். "ஒன்று தீர்ந்துபோனால் இன்னொன்று கைவசம் இருக்குமே."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. அருவருப்பு இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் பொறாமையும் இருந்ததாக எனக்கு ஒரு சந்தேகம்.

மறுநாள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாஸ்கரைக் கூட்டிவந்தேன். அவன் கீழே அரைமணி நேரம் தெலுங்கில் பேசினான். நடுவில் ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்தான். பிறகு மாடிக்கு வந்து எல்லாவற்றையும் விளக்கினான்.

"சிலிண்டர்னு சொல்லிட்டேன்டா. அது சால்வ். ஆனா ஒரு பொண்டாட்டியாவது வந்தே ஆகணும். ஃபேமிலிக்கு மட்டும்தான் வீடாம்."

"எனக்கு ஏதுடா பொண்டாட்டி?"

"பரீட்சை முடிஞ்சதும் வந்துரும்னு சொல்லிட்டேன்."

"யாருக்குடா பரீட்சை?"

"அது எனக்கெப்படித் தெரியும்? கைக்குடா டென்ஷன்? ஒரு கல்யாணம்தானே, பண்ணிக்கோ."

நானும் யோசித்துப் பார்த்தேன். மறுபடி வீடு தேடுவதா, கல்யாணம் செய்துகொள்வதா? வெயில் காலம் வேறு. அம்மாவுக்குப் போன் செய்து, "பொண்ணு பாக்கறீங்களா?" என்றேன். நான் எப்போது கேட்பேன் என்று கையில் ஜாதகத்தோடு காத்திருந்ததுபோல, "சத்தியமங்கலத்துல ஒரு புள்ள இருக்குது கண்ணு, பிஎட் முடிச்சிருக்குது" என்றார் அம்மா. காரணத்தை நான் சொல்லவில்லை. மகனுக்குப் பொறுப்பு வந்துவிட்டதாக வீட்டில் பொங்கல் வைத்தார்கள்.

சுமதி வந்து இறங்கிய அன்று வரலட்சுமி காரு ஆரத்தித் தட்டோடு நின்றார். ஆரத்தி சுற்றிக்கொண்டே திட்ட ஆரம்பித்தார். "இன்னாள்ளு எக்கட உன்னாவு? வீடு இக்கட ஒண்டிகா..." இத்தனை நாள் எங்கே இருந்தாய், இவன் இங்கே தனியாக... என்று போயிற்று. வீடு என்றால் தெலுங்கில் இவன், நான்தான் அது. சுமதி என் காதருகே, "ஏனுங்க, கல்யாணமாயி நாலு நாள் ஆவல, இந்தம்மா எதுக்கு என்னைய வையறாங்க? வீட்டப் பத்தி வேற என்னமோ குறை சொல்றாங்க" என்றாள். "பாசமா வரவேற்கறாங்க" என்றேன். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் தேவைப்பட்டது. கேட்டுவிட்டு அவள் முதலில் கையில் இருந்த தோசைக்கரண்டியைப் பார்த்தாள். பிறகுதான் சிரித்தாள்.

இரண்டு வருஷ அனுபவசாலி என்ற திமிரோடு அவளுக்கு நான் ஊர்ப்பாடம் நடத்தினேன். பாலுக்குப் பாலு, தயிருக்குப் பெருகு, உப்புக்கு உப்பு. அவளுக்கு என் பாடம் தேவைப்படவில்லை. அவள் சண்டை போட்டே தெலுங்கு படித்தாள். காலையில் குழாய்த் தண்ணீர் வந்ததும் மேல்தொட்டிக்கு மோட்டார் போட வேண்டும். மாடியில் இவள் போடுவாள், கீழேயிருந்து, "மோட்டார் ஆப்பண்டி!" என்று நிறுத்தச் சொல்லி அந்த அம்மா கத்துவார். இவள் சத்தியமங்கலத் தமிழில் திருப்பிக் கொடுப்பாள். ஒரே அலைவரிசையில் இரண்டு வானொலி நிலையங்கள். சில மாதங்களில் இவள் தெலுங்கிலேயே திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தாள். அதுவும் எப்படிப்பட்ட தெலுங்கு! வசைகளில் தொடங்கி மெல்ல மெல்ல நாகரிகத்துக்கு வந்த தெலுங்கு. நான் புத்தகம் வாங்கிப் படித்து, இன்றும் 'நமஸ்காரம்' தாண்டவில்லை.

ஒருநாள் காலை கீழே சத்தமே இல்லை. மோட்டார் ஓடுகிறது, யாரும் கத்தவில்லை. "என்னமோ ஆயிருச்சுங்க" என்று சுமதி படியில் ஓடினாள். வரலட்சுமி காரு குளியலறையில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் கிடந்தார். கணவர் முன்னறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். சுமதி அம்மாவை ஆட்டோவில் தூக்கிப்போட்டு எலும்பு டாக்டரிடம் கொண்டுபோனாள். வளைத்து ஓட்டிய ஆட்டோக்காரரை வழிநெடுக உருதுவில் கேள்வி கேட்டாளாம். எப்போது கற்றாள் என்று எனக்குத் தெரியாது. கால் கட்டோடு திரும்பிய அம்மா முதலில் கேட்டது, "மோட்டார் ஆபேசாவா?" நிறுத்தினாயா? நிறுத்தவில்லை. தெருவெல்லாம் வெள்ளம். இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே அதைக் கூட்டித் தள்ளினார்கள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி.

அதன்பின் சுமதி அருகில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை ஆனாள். ஸ்கூட்டர் வாங்கினாள். ஒரு தடவை விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு, மறுநாள் அதே வண்டியில் போனாள். எனக்கோ ஊர்நினைப்பு போகவில்லை. மழை பெய்தால் பவானி ஞாபகம், வெயிலடித்தால் வாய்க்கால் ஞாபகம். ஆபீஸில் கோயம்புத்தூர்க் கிளை திறக்கப்போவதாகப் பேச்சு எழுந்ததும் முதல் ஆளாகக் கேட்டு வைத்தேன். கிடைத்தும்விட்டது. இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தேன்.

சுமதி இனிப்பைத் தின்றாள். பிறகு, "நான் வரலீங்க" என்றாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

"அங்க நான் கடைக்குப் போயி ஒரு சோப்பு வாங்குனா, ஊட்டுக்கு வர்றதுக்குள்ள அது என்ன சோப்புன்னு அத்தைக்குத் தெரிஞ்சிருக்கும். யாரூட்டுப் புள்ள, யாரூட்டு மருமவ, ஏன் தனியாப் போறே... இங்க நான் வுழுந்தாலும் எந்திரிச்சாலும் ஒருத்தரும் கேக்கறதில்லீங்க. இருவத்தஞ்சு வயசுக்கப்பறம் இப்பத்தான் மூச்சு வுடறேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஏனென்றால் அவள் தப்பித்து வந்ததாகச் சொன்ன அதே இடத்துக்குத்தான் நான் திரும்பிப்போகத் தவித்துக்கொண்டிருந்தேன். யாரூட்டுப் பையன் என்று ஒருத்தர் கேட்டால் எனக்குக் குளிரும். அவளுக்குச் சுடுகிறது. இதற்கு நடுவில் ஒரு ஊரை எங்கே போய்த் தேடுவது? நான்கு நாள் பேசாமல் இருந்தோம். கடைசியில் நான் மட்டும் ஒரு மாதம் போய்ப் பார்ப்பது என்று முடிவாயிற்று. "போயிட்டு வாங்க" என்று பருப்புப் பொடி கட்டிக்கொடுத்தாள். அதுதான் எனக்கு வலித்தது.

பீளமேட்டில் சித்தப்பா வீட்டில் தங்கினேன். முதல் வாரம் சொர்க்கம். கொள்ளு ரசம், அரிசிம்பருப்பு சாதம். இரண்டாம் வாரத்திலிருந்து விருந்தாளிகள் வர ஆரம்பித்தார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வி. "ஏங்கண்ணு, அவ வரலையா? எதாச்சும் மனஸ்தாபமா? விசேஷம் ஒண்ணும் இல்லையா? டாக்டர்கிட்டக் காட்டுனீங்களா?" ஒரு பெரியம்மா, நான் சாப்பிடும் தட்டுக்கு எதிரிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டு, அவள் சம்பாதிக்கும் திமிரில்தான் வரவில்லை என்று சித்தியிடம் விளக்கினார். நான் இட்லியைப் பார்த்தேன். மூச்சு விடுவதைப் பற்றி சுமதி சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பஸ்ஸிலும் ஒரு சங்கடம். நெரிசலில் என்னையறியாமல், "ஜருகண்டி, ஜருகண்டி" என்று சொல்லிவிட்டேன். முன்னால் நின்றவர் திரும்பி, "ஏனுங்க, திருப்பதில வேலையா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. என் ஊர் பஸ் அது.

மாதக் கடைசியில் சுமதி போன் செய்தாள். "நான் யோசிச்சேனுங்க. உங்களுக்கு அங்கதான் புடிச்சிருக்குதுன்னா நான் வர்றேன். ஸ்கூல்ல சொல்லிர்றேன்" என்றாள். அவள் குரலில் சண்டை இல்லை. சண்டை இல்லாத சுமதியின் குரலை நான் கேட்டதே இல்லை. பின்னால் வரலட்சுமி காரு எதற்கோ யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். முற்றத்தில் சித்தியும் பெரியம்மாவும் பேச்சை நிறுத்திவிட்டு என் போனுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நக்கோ" என்றேன்.

"என்னங்க?"

"நக்கோ. வேண்டாம். நானே வர்றேன்."

அந்த முனையில் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வர்றப்ப கொள்ளு ரெண்டு கிலோ வாங்கிட்டு வாங்க" என்றாள். முற்றத்தில் பெரியம்மா சித்தியிடம், "நக்கோன்னா என்னடி, கெட்ட வார்த்தையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் நடந்து வெகுகாலம் ஆகிறது. பாஸ்கர் கணக்கில் சொன்னால் பர்ஸோ. எங்களுக்கு ஒரு மகள் பிறந்து, நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லி, இப்போது கல்லூரிக்கும் போய்விட்டாள். வரலட்சுமி காருவின் கணவர் ஒருநாள் செய்தித்தாளுக்குப் பின்னாலேயே போய்விட்டார். அமெரிக்காவிலிருந்து அவர்கள் மகன் வந்து வீட்டை விற்று, அம்மாவைக் கையோடு கூட்டிப்போக ஏற்பாடு செய்தார். நாங்கள் இந்த அடுக்குமாடிக்கு வந்தோம்.

கிளம்பும் அன்று அம்மா முழங்கால்வரை கம்பளிக் காலுறை மாட்டி, எங்கள் சோபாவில் பள்ளிக்கூடத்துக்கு முதல்நாள் போகும் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். பெட்டி நிறைய ஊறுகாய். அங்கே கடைக்குப் போனால் என்ன சொல்ல வேண்டும் என்று சுமதியிடம் கேட்டார். "ஏமீ செப்பொத்து. திட்டண்டி சாலு" என்றாள் சுமதி. ஒன்றும் சொல்ல வேண்டாம், திட்டுங்கள், போதும். அம்மா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

போய்ச் சில மாதங்கள் கழித்துப் போனில் சுமதியிடம் பேசினார். மகன் வீடு பெரிது, பனி அழகு என்றெல்லாம் சொன்னார். பிறகு, "இக்கட அந்தரூ மஞ்சிவாள்ளே அம்மாயி. அந்தரூ நவ்வுதாரு. எவரூ ஏமீ அடகரு" என்றார். இங்கே எல்லாரும் நல்லவர்கள், பெண்ணே. எல்லாரும் சிரிக்கிறார்கள். யாரும் எதுவும் கேட்பதில்லை.

மறுநாளிலிருந்து சுமதி தானே அழைத்தாள். ஆவக்காயில் அவர் எப்போதும் உப்பைக் கொட்டுவார், மகனை வளர்த்த லட்சணம் சரியில்லை என்று எதையாவது இழுத்து வேண்டுமென்றே சண்டை பிடித்தாள். கடல் கடந்து அந்தக் கோயில் மணித் தொண்டை முழங்குவது ஹாலில் இருக்கும் எனக்கே கேட்கும். அங்கே ஒரு குளிர்காலத்தில் அதுவும் நின்றுபோயிற்று.

வேப்பமர வீடு இருந்த இடத்தில் ஐந்து மாடி எழுந்துவிட்டது. அந்தப் பக்கம் போக நேர்ந்தால் சுமதி ஸ்கூட்டரை வேகமாக ஓட்டுகிறாள். எங்கள் குடியிருப்பில் எதிர்வீட்டில் ஒரு குடும்பம் இருக்கிறது. வந்து பல வருஷமாகிறது. எந்த ஊர், என்ன பெயர், யாருக்குக் கல்யாணம் ஆயிற்று, யாருக்கு ஆகவில்லை, ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. நல்லவர்கள் போலத்தான் இருக்கிறது. லிஃப்டில் பார்த்தால் சிரிக்கிறார்கள்.